இரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன்

அப்போதுதான் துடைத்த ஆஸ்பத்திரித் தரையில் வழுக்கிக்கொண்டே வந்த வெல்டர், நேராக நர்ஸின் முன்னால் போய் நின்றான். தோளில் எட்டு மாதக் குழந்தை... அக்கா மகள். அக்கா பரீட்சை எழுத வெளியூர் போயிருந்தாள்.

“காலையிலேருந்து பதினோரு தடவை போயிடுச்சு மேடம். ஒரு ஊசி போட்டு நிறுத்துங்க.”

“பதினொண்ணையும் எண்ணியிருக்கீங்க... ஒரு தடவையாவது குடிக்கக் குடுத்தீங்களா?”

அவன் நிமிர்ந்தான். அவள் கண்களில் மின்னல் வெட்டியது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவை குழந்தையின் குழிவிழுந்த கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

டாக்டர் சோதித்தார். ரோட்டா வைரஸாக இருக்கும், ஊசிக்கு நிற்காது என்றார். ஓ.ஆர்.எஸ். கரைசல், இரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். சாயங்காலத்துக்குள் சிறுநீர் போகாவிட்டால் டிரிப்ஸ்.

நர்ஸ் ஊட்டினாள். அவன் நேரம் பார்த்தான். ‘என்ன பொறுமை இந்தக் கைக்கு...’

“நேரமாச்சு. எங்க பார்க்கறீங்க?”

“கடிகாரத்தைத்தான்...”

“கடிகாரம் அந்தப் பக்கம் இருக்கு.”

அப்போது அவன் அப்பா வந்தார். அவர் தும்மினாலே தெருமுனையில் வண்டிகள் நிற்கும். நானே இரண்டு தடவை நின்றிருக்கிறேன்.

“குடிக்கக் குடிக்கத்தானே போகுது? தண்ணியை நிறுத்து. தூக்குடா குழந்தையை, வீட்டுக்குப் போலாம்.”

நர்ஸ் ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை. “போற தண்ணியை நிறுத்த முடியாது ஐயா. குடுக்கற தண்ணியையும் நிறுத்தினா குழந்தை வத்திப் போயிடும். தர மாட்டேன்.”

“நீ யாரும்மா அதைச் சொல்ல?”

முப்பது வருஷமாக அப்பாவுக்கு எதிரே கொட்டாவிகூட விடாதவன் எழுந்தான். நடுவில் போய் நின்றான்.

“அப்பா... நீங்க வெளிய உட்காருங்க.”

“என்னடா சொன்னே?”

“குழந்தை இங்கதான் இருக்கும். நீங்க வெளிய உட்காருங்க.” குரல் நடுங்கவில்லை.

பெரியவர் போய் உட்கார்ந்தார். பெஞ்சுக்கே நம்பிக்கை வரவில்லை.

மறுபடியும் ஸ்பூன்... ஸ்பூன்... ஸ்பூன்... நாலரை மணிக்கு, மார்பில் சாய்ந்திருந்த குழந்தையிடமிருந்து வெதுவெதுப்பாக ஏதோ அவன் சட்டையில் பரவியது.

“மேடம்... திரும்பவும் போயிடுச்சு.”

அவள் பதறித் துணியை விலக்கினாள். முகம் மலர்ந்தது. “இது ஒண்ணுக்குங்க... பிழைச்சுட்டா.”

மழையில் நனைந்து காதலைச் சொன்னவர்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். இவன் நனைந்தது இப்படி.

“உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு... அப்பா ஒத்துக்க மாட்டார்.”

“ஒத்துக்காட்டிப் போகட்டும்.” குழந்தையைத் துடைத்தபடியே அவள் தலை குனிந்தாள். “எனக்கும் பிடிச்சிருக்கு... முதல்ல போய்ச் சட்டையை மாத்திட்டு வாங்க.”