இசிகேலியின் தட்டு

தீவு நகரமான லெவுக்காவில், ஓய்வுபெற்ற காவல் அதிகாரி அபெனிசாவின் வீட்டுப் பாயில் அமர்ந்ததும் சலனியேட்டா சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"சந்தையில கண்டாவுத் தீவுக்காரர் ஒருத்தரைப் பார்த்து என் புருஷன் பேரைச் சொன்னேன். 'இசிகேலியா? மீன்பிடிக் கப்பல்ல போனவன் கடல்ல விழுந்து செத்துப் பன்னிரண்டு வருஷமாச்சே'ங்கிறார். வீட்டுல கேட்டா அவர் சிரிச்சு மழுப்புறார். அப்போ என்கூட இருக்கிறது யாரு, ஐயா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்திருக்கியாம்மா?"

"இல்லை. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் கடிதம்தான். கப்பல் கரைக்கு வந்ததும் வர்றதா எழுதினார். வந்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாச்சு."

அபெனிசா, ஞாயிறு தேவாலயம் முடிந்ததும் இருவரையும் சாப்பிட அழைத்தார்.

அன்று விரிப்பில் தேங்காய்ப்பால் மீனும், மண்ணடுப்பில் வெந்த பன்றிக்கறியும் மணந்தன. அபெனிசா கடல்குடியினர், வழக்கென்றால் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும் அவருடைய மச்சான் மனாசா நிலக்குடியினர். இரு குடியினரும் ஒன்றாக உண்ணுகையில், கடல்குடியார் மீனையும் நிலக்குடியார் பன்றியையும் தொடலாகாது. நகரத்தில் வளர்ந்த சலனியேட்டா இதையெல்லாம் பொருட்படுத்தியதில்லை.

"யோவ் மச்சான், பன்னியை என் மூக்குக்கு நேரே வச்சுக் கொல்றியே!" என்றார் மனாசா.

"நீ மோந்து பார்த்தே ஒரு சுற்றுப் பெருத்துடுவியே, அப்புறம் என்ன?"

கண்டாவுக் கடல்குடியில் பிறந்ததாகச் சொல்லி மணந்த இசிகேலியும் சிரித்தபடி உண்டான்.

உண்டு முடித்ததும் மனாசா, "கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்போமா மச்சான்?" என்று கிசுகிசுத்தார்.

"வேண்டாம்யா. தட்டைப் பாரு."

இசிகேலியின் தட்டில் மீன்முள் மட்டும் எஞ்சியிருந்தது. பன்றித்துண்டு ஓரத்தில் அப்படியே கிடந்தது.

"தம்பி, கடல்குடின்னா மனாசா முன்னாடி மீனைத் தொட்டிருக்க மாட்டீங்க. நீங்க நிலக்குடிக்காரர் மாதிரி எனக்காகப் பன்னியை ஒதுக்கினீங்க. சின்ன வயசுல அம்மா பழக்கினது. பேரை மாத்திக்கிட்டீங்க, கையை மாத்த மறந்துட்டீங்க."

அவன் தலை கவிழ்ந்தது.

"என் பேரு போனிபாட்டே. அவனும் நானும் ஒரே கப்பல். அவன் செத்ததைச் சொல்லத்தான் வந்தேன். கதவைத் திறந்ததுமே, 'இசிகேலி, வந்துட்டீங்களா'ன்னு இவ கையைப் பிடிச்சா. அப்புறம் சொல்ல முடியலை."

ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அதைப் பன்னிரண்டு ஆண்டுகள் விழுங்கிய கோழைத்தனத்திற்கு இரக்கம் என்று பெயரிட எவருக்கும் உரிமையில்லை.

சலனியேட்டா ஏசவில்லை. அன்று அவனைப் பற்றிய தன் கைகளைப் பார்த்தாள்.

"என்னை நம்பிக் கடிதம் எழுதினவர் செத்திருக்கார். நான் ஒருநாள்கூட அழலை. அவர் சாவுச் சேதி வந்த வாரம் புதுப்பெண்ணாச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றவள், கணவனை ஏறிட்டாள்.

"நாளையிலிருந்து கறுப்பு உடுத்தி நூறு நாள் துக்கம் காக்கப்போறேன். அது முடியற வரைக்கும் வீட்டுக்கு வராதீங்க, போனிபாட்டே."

அந்தப் பெயரை அவள் உச்சரித்தது அதுவே முதன்முறை.