தீர்த்தமும் கணக்குதான்

ஐப்பசி மழைக்குப் பயந்து ஆஸ்பத்திரி வாசலுக்குள் ஓடி வந்த தேவிப்ரியா, மறுபக்கமிருந்து அதே வேகத்தில் உள்ளே நுழைந்தவன்மேல் மோதியே விட்டாள்... அவன் கையிலிருந்த பாட்டில் சாய்ந்து, அவளுடைய நர்ஸ் சீருடையின் தோளெல்லாம் ஈரம்!

"கண்ணு எங்கப்பா இருக்குது உங்களுக்கு?"

"இவ்ளோ நேரம் என்கிட்டதான் இருந்துச்சு..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். இமையில் மழைத்துளி நிற்க, அவன் பார்த்த பார்வை... சே! அவள் விறுவிறுவென்று, அன்றுதான் டியூட்டி மாறிய வார்டுக்குள் போனாள்.

பத்தாம் நம்பர் கட்டிலில் கூரம் கிராமத்துச் சம்பூர்ணம். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருந்தது. படுத்தால் மூச்சு முட்டும். மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவார். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான், காபி, ரசம் உட்பட. நேற்றை விட இன்று ஒன்றரைக் கிலோ எடை கூடியிருந்தது. இப்படியே போனால் மூச்சுக்கு மெஷின்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குடிப்பதையெல்லாம் நோட்டில் எழுதுகிற மகன் இளவரசன் பின்னாலேயே வந்தான். அட, வாசலில் மோதியவன்!

"கணக்கு கரெக்டா சார்?"

"சாயப்பட்டறையில தண்ணி அளக்குற கை சிஸ்டர் இது. ஒரு சொட்டு தப்பாது."

ரத்த அழுத்தக் கருவியை எடுத்து வந்து குனிந்தாள்; அதற்குள் அவன் பாட்டில் காலியாகியிருந்தது. அம்மாவின் மூச்சில் துளசியும் பச்சைக் கற்பூரமும் மணத்தன. தன் தோளிலும் அதே வாசனை...

"அந்த பாட்டில்ல என்ன?"

"பெருமாள் தீர்த்தம். தெனம் வாங்கி தண்ணியில கலந்து, ஒரு பாட்டில் குடுக்கறேன்."

"நோட்டுல காணோமே?"

"தீர்த்தத்தப் போயி யாராவது தண்ணி கணக்குல எழுதுவாங்களா?"

"பெருமாள் குடுத்தாலும் தண்ணி தண்ணிதான்! இதயம் எறைக்க முடியாம அதுதான் நுரையீரல்ல கசியுது. பெத்த அம்மாவ நீங்களே மூச்சு முட்ட வெக்கறீங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவன் முகம் செத்துப்போனது. பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

டாக்டர் நீர் பிரிய ஊசி மருந்தைக் கூட்டினார். அடுத்த இரண்டு நாளும் அவன் நோட்டை மட்டும் நீட்டினான். 'சொன்னது சரிதானே, நான் ஏன் இறங்கி வரணும்?' என்று வீம்பாக இருந்தாள். கண் மட்டும் வாசலையே பார்த்தது...

மூன்றாம் நாள் காலை. பத்தாம் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் உருவத்தைக் காணோம்! கட்டிலை நோக்கி ஓடினாள்.

ஒரே தலையணையில், கால் நீட்டிப் படுத்து, லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் சம்பூர்ணம். பக்கத்தில் மற்ற இரண்டு தலையணைகளையும் கட்டிப்பிடித்தபடி இளவரசன் அழுதுகொண்டிருந்தான்.

"படுத்துக்கினு தூங்கறாங்க சிஸ்டர்... பத்து நாளாச்சு இப்படித் தூங்கி!"

அப்பாடா... அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

"அன்னிக்கி நான் சொன்னது சரிதான். ஆனா எல்லார் முன்னாடியும் கத்தினது தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க."

"வெச்சுக்கினுதான் இருக்கேன்... கத்தினத இல்ல."

நோட்டை நீட்டினான். சாயம் ஏறிய விரலால் அன்றைய பக்கத்தைத் திருப்பினான்.

'ஆறு மணி: காபி, நூறு மில்லி. ஏழு மணி: தீர்த்தம், ஒரு ஸ்பூன், ஐந்து மில்லி.' சிரிப்பு வந்தது அவளுக்கு. அடுத்த வரி...

'அம்மாவுக்கு மூச்சு சரியாயிடுச்சு. எனக்குத்தான் முட்டுது, தேவிப்ரியாவைப் பார்க்காத நேரமெல்லாம்.'

கன்னம் சுட்டது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மருந்துச் சீட்டு எழுதுகிற தோரணையில் கீழே எழுதினாள்.

'தினமும் பார்க்கவும். அளவு கிடையாது.'