தொட்டிக்குத் தீனி

தண்ணீர் இவ்வளவு சுத்தமாக இருக்கக் கூடாது.

ஷாமினி கண்ணாடிக் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நோன்புப் பெருநாளின் நான்காம் நாள். கிள்ளானில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஜனங்கள் கம்பத்துக்கு, சொந்தக் கிராமத்துக்கு, போய்விட்டால் அவர்கள் வீட்டுக் கழிவுநீரும் இந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருவதில்லை. அது வராவிட்டால், தொட்டியில் அழுக்கைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் பட்டினியில் சாகும். அவை செத்தால், விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் அத்தனை பேரின் அழுக்கும் அப்படியே கிள்ளான் ஆற்றில் போய் விழும். அதனால் பெருநாள் வாரத்தில் யாராவது நாய்த் தீனி மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். தீபாவளிக்கு மலாய்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், பெருநாளுக்குத் தமிழர்கள். முதல் மூன்று நாளும் கன்னையா தனியாகப் பார்த்தார். இன்றிலிருந்து அவளும் சேர்ந்துகொண்டாள்.

எவ்வளவு கொட்டினாலும் இந்த நாட்களில் சேறு வெளிறி, மெலிந்துதான் போகும். குடுவையில் தெளிந்த நீரோடு இருந்ததோ நன்றாகத் தின்று கொழுத்த கரும்பழுப்புச் சேறு. மழை பெய்த மண் வாசத்தோடு லேசாக இறைச்சிக் கடை வாசமும் அடித்தது. அது அடியில் படியாமல் அவள் பக்கமாக ஒதுங்கி நின்றது. குடுவையைத் திருப்பி வைத்தாள். பைலை எடுத்து வருவதற்குள் மறுபடியும் அவள் பக்கம் வந்திருந்தது. மேசை சாய்வாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

சந்தேகம் கன்னையா மேல்தான் போயிற்று. பதினெட்டு வருஷ ஆப்பரேட்டர், வாய் ஓயாத மனிதர். காலையிலிருந்து கட்டுப்பாட்டு அறை மேசைக்குப் பின்னால், மடியில் மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு, பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ரீடிங் எல்லாம் நீங்கதான் எடுத்தீங்களா?"

"எடுத்தேன்லா. சைன் பண்ணிடு."

"சாப்பிட்டீங்களா?"

"பசிக்கல."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரீடிங் பொய்யாக இருந்து ஆற்றில் மீன் செத்து மிதந்தால், கையெழுத்துப் போட்டவள் வேலைதான் போகும். பேனாவை மூடி வைத்துவிட்டு ஸ்டோருக்குப் போனாள்.

நாய்த் தீனி மூட்டைகள் பன்னிரண்டு. பன்னிரண்டிலும் தையல் பிரியவில்லை.

அப்படியானால் மூன்று நாளாக எதைக் கொட்டினார்? வாசலில் சுற்றும் நாய்களின் நினைவு வந்தது. கேட்டுக்கு ஓடினாள். மூன்று நாய்களும் லோரிக்கடியில் சுகமாகத் தூங்கின. அப்பாடா என்றிருந்தது. மனிதரை வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

திரும்பி வந்தபோது கட்டுப்பாட்டு அறையில் அவர் இல்லை. நாற்காலியும் இல்லை.

வெளியே, காற்றடிக்கும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு அடியில், சிமெண்டுத் தரையில் சிறு சக்கரங்கள் உருளும் சத்தம். உருண்டது. நின்றது. மறுபடி உருண்டது. தொட்டிப் பக்கம். பிறகு சத்தமே இல்லை.

அவள் நடந்தாள். அந்த வாசம் கூடியது.

கைப்பிடிக் கம்பியின் கதவு திறந்திருந்தது. பக்கத்தில் காலி நாற்காலி. அதன் மேல் மழைக்கோட்டு. கன்னையா தொட்டி விளிம்பில், குளத்தங்கரையில் உட்காருவதுபோல், தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, வந்துடுங்க! காத்து அடிக்கிற தண்ணி, விழுந்தா மிதக்க மாட்டீங்க!"

"மொத நாளு மூட்டைய பிரிக்க வந்தப்ப கால் வழுக்கிருச்சும்மா," என்றார் அவர், திரும்பாமல். "ஒரு காலுதான். மறுநாள் வந்து பார்த்தா சேறு என்னா செழிப்பு! அப்புறம் மூட்டையே தேவைப்படல. ஆத்துக்கு எவ்வளவு நல்ல தண்ணி போவுது, பார்த்தில்ல?"

"அண்ணே..."

"வலிக்கலம்மா."

பயத்தைவிட இரக்கம்தான் முந்தியது. பாய்ந்து போய், அக்குளில் கை கொடுத்து, பின்னால் இழுத்தாள். வந்துவிட்டார். சுலபமாக. பாதி ஆள் கனம்கூட இல்லை.

கால்சட்டை தொடையோடு காலி. இரண்டு பக்கமும். ரத்தம் இல்லை. புண் இல்லை. கழுவித் துடைத்த பீங்கான்போல் வழவழவென்று இரண்டு முனைகள்.

அவள் கையை உருவினாள். முடியவில்லை. மணிக்கட்டை அவர் இறுகப் பிடித்திருந்தார்.

"இன்னும் நாலு நாள் லீவு இருக்கும்மா," என்றார் கன்னையா, கெஞ்சலாக.

அவர் பார்வை அவள் கால்களில் நின்றது.