மெர்வின் விடாத ஸ்டியரிங்

பட்டப்பகல் வெயிலில் நோரீன் ஸ்பேனர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பண்ணைக் கொட்டகைக்குப் பின்புறம் வந்தாள். அந்தப் பக்கத்து மாட்டுப் பண்ணைகளில் எல்லாம் இப்படி ஓர் இடம் உண்டு. செத்துப்போன ஜீப், லாரி, டிராக்டர் எல்லாவற்றையும் இழுத்து வந்து நிறுத்திவிடுவார்கள். எந்தப் பாகம் வேண்டுமோ கழற்றிக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடைக்குப் போய்வர இரண்டு நாள் பிடிக்கிற காட்டில் வேறு என்ன செய்வது?

ஒரே ஒரு வண்டியை மட்டும் யாரும் தொடுவதில்லை. கூரை நசுங்கிய அந்தப் பச்சை ஜீப்பில்தான் பண்ணையின் பழைய மேஸ்திரி மெர்வின் செத்தான். நாயிலிருந்து பெண்டாட்டி வரை கைக்குக் கிடைத்ததையெல்லாம் அடித்து நொறுக்கிய முரடன். குடித்துவிட்டு வண்டியோடு ஓடைக்குள் தலைகுப்புற விழுந்தான். ஸ்டியரிங் தண்டு நெஞ்சைத் துளைத்து முதுகில் வந்திருந்தது. அப்படியும் அவன் கைகள் வளையத்தை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக ஒடித்துத்தான் பிணத்தை எடுத்தார்கள். ஒடித்தவன் நோரீனின் தம்பி டாரில்.

அந்த டாரில் இப்போது கொட்டகைத் தரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். குடல்வால் வெடித்திருக்கும் என்று ரேடியோவில் டாக்டர் சொன்னார். விமானம் அனுப்புவார்கள். ஆனால் முந்தின நாள் மழையில் இந்தப் பண்ணையின் ஓடுதளம் சேறாகிவிட்டதால் அது பக்கத்துப் பண்ணையில்தான் இறங்கும். அங்கே விளக்கு கிடையாது, இருட்டுவதற்குள் விமானம் கிளம்பியாக வேண்டும். நல்ல வண்டிகளெல்லாம் மாடு ஓட்டப் போயிருந்தன. மிச்சம் இருந்தது ஒரு கிழட்டு ஜீப். கொஞ்சம் வேகம் எடுத்தாலே அதன் முன்சக்கரங்கள் பேய் பிடித்ததுபோல் உதறும், ஸ்டியரிங் கையை விட்டுப் பிய்த்துக்கொள்ளும்.

ஒழுங்கான மெக்கானிக் தேய்ந்த பேரிங்கை மாற்றுவான். இந்தக் காட்டு ஆட்கள் ஒரு டேம்பரை மாட்டிவிடுவார்கள். ஷாக் அப்சார்பரின் தம்பி மாதிரி ஒரு எண்ணெய்க் குழாய். அச்சுக்கும் ஸ்டியரிங் கம்பிக்கும் நடுவில் நின்று உதறலை அமுக்கிவிடும். நோயாளியின் வாயைப் பொத்திவிட்டு நோய் தீர்ந்தது என்கிற வைத்தியம்தான். நோரீனுக்கும் அது தெரியும். ஆனால் அவளுக்கு வேறு வழி இல்லை.

அங்கே கிடந்த டேம்பர்கள் எல்லாமே எண்ணெய் ஒழுகிக் கெட்டிருந்தன.

மெர்வினுடையது மட்டும் ஒழுகவில்லை.

அவள் அதை எடுத்துவந்ததைப் பார்த்ததும் டாரில் தலையைத் தூக்கினான்.

"அக்கா, அது யாரு வண்டியோடது?"

"யாரு வண்டியா இருந்தா உனக்கென்னடா? வாய மூடிட்டுப் படு."

"மெர்வின்து வேணாம்க்கா. வண்டிய மெதுவா உருட்டிட்டாவது கூட்டிட்டுப் போ. அது வேணாம்."

"உருட்டுனா பொணத்ததான் கொண்டு சேக்கணும். செத்தவனுக்கு பயந்துட்டு நீ சாவியா?"

கிழட்டு ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். குழாயை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு போல்ட்டைத் தேடியபோது உள்ளேயிருந்த தண்டு மெல்ல வெளியே நீண்டது. கேஸ் அடைத்த குழாய் என்றால் அப்படித்தான் நீளும். இதில் வெறும் எண்ணெய். அவள் உள்ளே தள்ளினாள். மறுபடி நீண்டது. எரிச்சலோடு அழுத்திப் பிடித்தாள்.

தண்டு சட்டென்று பாய்ந்து அவள் வாயில் குத்தியது.

பல் ஒன்று உடைந்து தொண்டைக்குள் போனது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, வந்த அழுகையை அடக்கிக்கொண்டு, இரண்டு போல்ட்டையும் முறுக்கினாள்.

வண்டி அற்புதமாக ஓடியது. தகரக்கூரை மாதிரி வரிவரியாகக் கிடந்த மண்சாலையில் ஒரு நடுக்கம் இல்லை. பக்கத்து இருக்கையில் டாரில் வலியிலும் லேசாகச் சிரித்தான். "மெர்வின் உருப்படியா செஞ்ச ஒரே வேலைக்கா இது."

ஸ்டியரிங் வலப்பக்கம் சாய்ந்தது.

நோரீன் இடப்பக்கம் இழுத்தாள். அது இன்னும் சாய்ந்தது. வலப்பக்கம் புதருக்கு அப்பால் அந்த ஓடை இருந்தது.

பிரேக்கை மிதித்தாள். பாறையை மிதித்த மாதிரி இருந்தது.

அந்த ஊரில் வண்டி பழகும்போதே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு: கட்டைவிரலை வளையத்துக்குள் விடாதே. சக்கரம் எகிறினால் வளையம் சுழன்று அதன் குறுக்குக் கம்பி விரலை ஒடித்துவிடும். நோரீன் ஒருநாளும் விட்டதில்லை. இப்போதும் விடவில்லை.

யாரோ அவள் கட்டைவிரல்களைப் பிடித்தார்கள்.

சில்லென்ற கரடுமுரடான பிடி. ஒன்றை மடக்கி உள்ளே வைத்தது. பிறகு மற்றதை.

வளையம் சுழன்றது.

இரண்டு எலும்பும் முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவள் அலறினாள். ஜீப் புதரைக் கிழித்துக்கொண்டு போய் ஆள் உயரக் கறையான் புற்றில் மோதி நின்றது. டாரிலின் நெற்றி கண்ணாடியில் பிளந்தது.

"அக்கா, அவன்தான்... கழட்டு, கழட்டிடு!"

விரல் தொங்கும் கைகளால் வண்டியில் கிடந்த கடப்பாரையை அணைத்துப் பிடித்துக்கொண்டு அடியில் ஊர்ந்தாள். ஒவ்வொரு அடிக்கும் வலி மண்டை வரை ஏறியது. "போடா நாயே, என் தம்பிய விடு!" என்று கத்திக் கத்தி அடித்தாள். தண்டு திமிறி அவள் தோளைக் கிழித்தது. அவள் நிறுத்தவில்லை. போல்ட் அறுந்து குழாய் விழுந்தது. அது சப்பையாகும் வரை அடித்துப் புதருக்குள் உதைத்துத் தள்ளினாள்.

மிச்சத் தூரத்தை மெதுவாக உதறிக்கொண்டே போனாலும் இருட்டுவதற்குள் போய்விடலாம் என்று தோன்றியது. ஜீப் கிளம்பியது. மணிக்கட்டுகளால் ஸ்டியரிங்கை அணைத்து ஓட்டினாள். தூரத்தில் வெள்ளை விமானம் தெரிந்ததும் வாய்விட்டு அழுதாள். "வந்துட்டோம்டா தம்பி, வந்துட்டோம்."

டாரில் விமானத்தைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கழட்டிட்டேல்லக்கா?"

"கழட்டிட்டேன்டா."

"அப்பறம் ஏன் ஆடல?"

ஆடவில்லை. வரிவரியான அந்தச் சாலையில் ஜீப் வழுக்கிக்கொண்டு போனது. அவள் பெடலிலிருந்து காலை எடுத்துப் பார்த்தாள். வேகம் குறையவில்லை. மணிக்கட்டுகளை விலக்கினாள். ஸ்டியரிங் அசையாமல் நேராக நின்றது.

சாவியைப் பல்லால் கடித்துப் பிடுங்கினாள். என்ஜின் நிற்கவில்லை.

விமானத்தருகே ஸ்ட்ரெச்சரோடு நின்ற நர்ஸ் கையசைத்தாள். அவர்கள் நேராகத் தன்னைக் கடந்து போவதைப் பார்த்ததும் கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள்.

"அக்கா," என்றான் டாரில் தன் கையையே பார்த்தபடி. "என் விரல யாரோ ஒவ்வொண்ணா புடிக்கிறாங்க."

கியர் தானாக மாறியது.