கரவானிலை இடமிருக்கு

காருக்குப் பின்னால் கொளுவியிருந்த கரவானின் வலப்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. எர்லாங்கனில் மகள் வீட்டிலிருந்து வீடு திரும்பப் புறப்பட்டு முதல் பெற்றோல் நிலையத்தில் கோப்பி குடிக்க இறங்கியபோது கணேசலிங்கத்தார் அதைக் கண்டார். கண்டுவிட்டு, நிலம்தான் சரிவு என்று முடிவெடுத்துக்கொண்டார். தனக்குச் சொந்தமான ஒன்றில் பிழை இருக்கும் என்று அவர் இலேசில் ஒத்துக்கொள்வதில்லை. இது அவருடைய மனைவிக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும், வுப்பர்டாலில் அவருடைய தெருவில் இருக்கிற அத்தனை சனத்துக்கும் தெரியும்.

பழைய கரவான்தான், சில்லுப் பூட்டிய சின்ன வீடு. ஏதோ ஒரு பண்ணையாளரின் கொட்டிலில் வருடக்கணக்காக வைக்கோலுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஆனால் அதைத் தெருவோரத்தில் கொண்டுவந்து நிறுத்திய நாளிலிருந்து, குப்பை வாளி வைக்க வருகிறவர்களைக்கூட மறித்து, உள்ளே கூட்டிப்போய், மெத்தையில் இருத்திக் காட்டித்தான் விட்டார். "கரவானிலை இடமிருக்கு, அடுத்தமுறை நீங்களும் வாங்கோ" என்று கண்டவர் எல்லாரிடமும் சொன்னார். ஒருவரும் வரவில்லை. வருவார்கள் என்று அவரும் நினைக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, படியிறங்குகிற ஆளிடம் "சாப்பிட்டிட்டுப் போங்கோவன்" என்று சொல்லுகிறதில்லையா, அந்த மாதிரி ஒரு மரியாதை அது.

டயரைப் பற்றியும் தெருவில் பேச்சு இருந்தது. நெளிவெல்லாம் தேயாமல் புதிது மாதிரி இருந்தாலும் பக்கச்சுவரில் நரம்பு நரம்பாக வெடிப்பு என்று பக்கத்து வீட்டுத் தாரகன் சொன்னான். கணேசலிங்கத்தார் சிரித்தார். ஆனாலும் பயம் இருந்திருக்க வேண்டும்; ஒருவருக்கும் சொல்லாமல் புத்தம்புதுச் சில்லு ஒன்றை வாங்கிக் கரவான் கட்டிலுக்கு அடியில் போட்டுக்கொண்டார்.

அந்தக் கட்டிலில்தான் இப்போது அவருடைய மனைவி ஜெயமலர் படுத்திருந்தாள். முதுகுத்தட்டு விலகி, காரில் நிமிர்ந்திருக்க முடியாத நிலை. வருகிற கிழமைதான் சத்திரசிகிச்சைக்கு டெர்மின், நாள் குறித்தாயிற்று. அதற்கு முன் மகளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதால் இந்தப் பயணம். ஓடுகிற கரவானுக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது இந்த ஜெர்மன் நாட்டுச் சட்டம். ஆகவே யன்னல்சீலைகள் இழுத்து மூடப்பட்டன. இரண்டு கைத்தொலைபேசிகளும் பேச்சு அறுபடாமல் திறந்திருந்தன. மகள் கிரிஜா வாசலில் நின்று ஒன்றுதான் சொன்னாள்.

"அப்பா, அம்மாவைக் கவனமாக் கொண்டுபோய்ச் சேருங்கோ. கடைசி நேரத்திலை வேறை வேலை பாக்க வேண்டாம்."

"நானென்ன சந்தைக்கே போறன்?" என்றார் அவர்.

ஆட்டோபான் பெருந்தெருவில் விபத்து, நீண்ட நெரிசல். வழிகாட்டிக் கருவி ஒரு காட்டுப்பாதையைக் காட்டியது, அவர் காரை அதில் இறக்கினார். நவம்பர் ஞாயிறு. பின்னேரம்தான், ஆனாலும் வெளிச்சம் ஏற்கெனவே கைவிட்டிருந்தது. இரண்டு பக்கமும் நெட்டையாய் நின்ற ஊசியிலை மரங்களுக்குள்ளிருந்து பனிப்புகார் வெளியே வருகிறதா உள்ளே போகிறதா என்று தெரியாமல் வீதியின் மேல் தடித்துக் கிடந்தது. சூடேற்றியின் காய்ந்த காற்றையும் மீறி, மக்கிய சருகின் மணம் காருக்குள் நுழைந்து, கிரிஜா கட்டித்தந்த கத்தரிக்காய்க் குழம்பின் மணத்தோடு கலந்தது. ஒலிபெருக்கியில் ஜெயமலரின் மூச்சு, தூங்குகிற மூச்சு, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

அப்போது பின்னால் படாரென்று ஒரு வெடி. கரவான் வலப்பக்கம் இழுத்தது. கரவானுக்குள் பாத்திரங்கள் சரிந்தன.

"என்னப்பா அது?"

"ஒண்டுமில்லை, ரயர் போட்டுது. நீர் எழும்பாதையும்."

அவர் வண்டியை நிறுத்திய இடத்தில் வீதி வளைந்தது. வளைவின் ஓரத்தில் வரிசையாக மரச் சிலுவைகள். பழையவை, புதியவை, சாய்ந்தவை. வேகமாக வந்து அந்த வளைவில் முடிந்துபோனவர்களுக்கு யார் யாரோ நட்டவை. அன்று இறந்தவர்களை நினைக்கிற ஞாயிறு என்பதால் ஒவ்வொன்றின் காலடியிலும் சிவப்புக் கண்ணாடிக்குள் மெழுகுதிரி எரிந்தது.

பழைய டயர் நார் நாராகக் கிழிந்து அச்சில் சுற்றியிருந்தது. வண்டி தூக்குகிற ஜக்கை வைத்துக் கிளப்பினார். கரவான் பஞ்சுமாதிரி எழும்பியது. வெளிச்சம்தான் இல்லை. கைவிளக்கின் பற்றரி செத்துவிட்டது, தொலைபேசி விளக்கை எரித்தால் அதன் பற்றரியும் இறங்கி மனைவியின் பேச்சு அறுந்துவிடும் என்று பயம். சுற்றிப் பார்த்தார். போய், கிட்ட இருந்த சிலுவையடியிலிருந்து ஒரு விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

புதுச் சில்லைப் பூட்டி முடித்ததும் விளக்கைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் கணேசலிங்கத்தார் உதவி வாங்கிய இடத்தில் வாய் பேசாமல் திரும்பிய சரித்திரம் இல்லை.

"பெரிய உதவி," என்றார் சிலுவைகளைப் பார்த்து. தன் பகிடிக்குத் தானே சிரித்துக்கொண்டு, "வுப்பர்டாலுக்குத்தான் போறம். கரவானிலை இடமிருக்கு, நீங்களும் வாங்கோ. அப்ப போட்டு வாறம்" என்றார்.

சட்டைப்பைக்குள்ளிருந்து ஜெயமலர் கேட்டாள். "ஆரோடை கதைக்கிறியள்?"

"சும்மா. உதிலை செத்தாக்களின்ரை சிலுவை கிடக்கு."

கரவான் கட்டில் கிரீச்சிட்டது. பிறகு, "உங்களுக்கு விசரே? செத்தவீட்டிலை ஆரும் சொல்லிப்போட்டு வெளிக்கிடுறவையே? பேசாமல் எழும்பி வாறதெல்லோ முறை. அதுக்குள்ளை வாங்கோ எண்டும் கூப்பிட்டியள்."

"அவைக்குத் தமிழ் தெரியாது. நீர் படும்."

அந்தப் பதில் அவருக்கே மிகவும் பிடித்திருந்தது. வுப்பர்டாலுக்குப் போனதும் யார் யாருக்குச் சொல்லலாம் என்று யோசித்தபடி காரை எடுத்தார். கார் உடனே எடுபடவில்லை. உறுமியது, முனகியது, பிறகு, சேற்றிலிருந்து காலைப் பிடுங்குகிற மாதிரி, அசைந்தது.

மேட்டுப்பாதை. இரண்டாம் கியரிலும் இழுபட்டது. பக்கக் கண்ணாடியில் பார்த்தால், கரவானின் பின்பக்கம் வீதியைத் தொடுமாப்போல தாழ்ந்திருந்தது. காரின் முன்விளக்குகளோ வீதியை விட்டு மர உச்சிகளைக் காட்டின. மெழுகு உருகுகிற மணம். அதற்கடியில் ஈரக் கம்பளியின் மணம், மழையில் நனைந்த பல கோட்டுகளை ஒரு சின்ன அறைக்குள் தொங்கவிட்டால் வருகிற மணம். காருக்குள் கோட்டு இல்லை. அவருடையது ஒன்றுதான், அது காய்ந்திருந்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள் ஜெயமலர். குரல் தணிந்திருந்தது. "மெத்தை பணியுது."

"என்னெண்டு?"

"கால்மாட்டிலை ஆரோ இருந்தமாதிரி. இப்ப இந்தப் பக்கமும்."

"ரயர் மாத்தினதாலை சரிவா இருக்கும்."

"விளக்கைப் போடுறன், பத்துதில்லை."

"எழும்பாதையும் எண்டு சொன்னனான்."

"எழும்ப ஏலாதப்பா," என்றாள். "என்ரை சீலையிலை ஆரோ இருக்கினம்."

கணேசலிங்கத்தாரின் கால் பிறேக்குக்குப் போனது.

நிறுத்தத்தான் நினைத்தார். நிறுத்தினால் இறங்க வேண்டும், இறங்கினால் கதவைத் திறக்க வேண்டும். அடுத்த ஊர் வரட்டும், தெருவிளக்கு ஒன்று வரட்டும் என்று காலை அழுத்தினார். ஒலிபெருக்கியில் அவளுடைய மூச்சுக்குப் பின்னால் வேறு சத்தங்கள். துணி உரசுகிற சத்தம். தொண்டையைச் செருமி அடக்குகிற சத்தம். சனம் நிறைந்த மண்டபத்தில், ஐயர் வரும்வரை எல்லாரும் அடங்கி இருக்கும்போது கேட்கிற சத்தம்.

அடுத்த வெடி அங்கேதான். புத்தம்புதுச் சில்லு. பிறகு உடனே இடப்பக்கமும்.

கரவான் இரும்பில் உட்கார்ந்தது.

வீதியுதவிக்கு அழைக்க அவருக்கு மனைவியின் பேச்சை அறுக்க வேண்டியிருந்தது. அறுத்தார், அழைத்தார், திரும்ப மனைவிக்கு எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கரவானுக்குள் அந்த மணி அவருக்குக் கேட்டது. பொத்திப்பிடித்த மாதிரி, பல துணிகளுக்கு அடியிலிருந்து. போய்க் கதவைத் திறந்திருக்கலாம். காரின் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இருந்தார்.

மஞ்சள் விளக்குச் சுழல ஒரு வண்டி வந்தது. இறங்கியவள் கட்டான இளம்பெண். மேலங்கியில் மெலனி என்று பெயர் தைத்திருந்தது. மனித முகத்தைக் கண்டதும் கணேசலிங்கத்தாருக்குக் கால் வந்தது. அவளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கரவானடிக்குப் போனார்.

அவள் குனிந்து, பிளந்துகிடந்த புதுச் சில்லைத் தடவிப் பார்த்தாள். தன் பெரிய ஜக்கை அச்சுக்கு அடியில் தள்ளி அழுத்தினாள். கரவான் எழும்பவில்லை. ஜக்குத்தான் தாருக்குள் இறங்கியது.

"உள்ளே என்ன ஏற்றியிருக்கிறீர்கள்?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டாள்.

"ஒன்றுமில்லை. கட்டில், சமையல் சாமான்." சட்டம் நினைவுக்கு வந்தது. "ஆள் ஒருவரும் இல்லை."

மெலனி நிமிர்ந்து யன்னலைப் பார்த்தாள். சீலை விலகியிருந்தது. கண்ணாடி முழுக்க உள்ளிருந்து ஆவி படிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் மனைவி," என்றார் அவசரமாக. "முதுகு வருத்தம். அவ மட்டும்தான்."

"இதில் மனைவி யார்?" என்றாள் மெலனி.

அவர் பதில் சொல்லுமுன் அவள் தன் வண்டியை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டாள். பெரிய வண்டி அனுப்புகிறேன் என்று திரும்பாமலே சொன்னாள். கடைசிச் சில அடிகள் ஓடினாள். சிவப்பு விளக்குகள் புகாருக்குள் போய்க் கரைந்தன. ஜக்கு அங்கேயே கிடந்தது. கருவிப்பெட்டியும் கிடந்தது. ஜெர்மன்காரர் சாமானைப் போட்டுவிட்டு ஓடுவதை, இத்தனை வருடத்தில், அவர் முதல்தடவை கண்டார்.

கையில் தொலைபேசி அதிர்ந்தது.

"மலர்?"

"கதவைத் திறவுங்கோ." இரகசியம் பேசுகிற குரல். காற்றுப் போதாத குரல். "மரியாதையாத்தான் இருக்கினம். ஒண்டும் செய்யேல்லை. ஆனால் இடமில்லையப்பா. ஒவ்வொருத்தரா வந்து இருக்கினம். எனக்கு மேலை..."

"மலர், கொஞ்சம் பொறும்."

"நீங்கள்தான் கூப்பிட்டதாம்."

அவர் நடந்தார். மூன்றே எட்டு. நெடுந்தூரம்.

கைபிடி ஈரம். உள்ளிருந்து கசிந்த ஈரம்.

இழுத்தார்.

இருந்தார்கள்.

நீள வாங்கில். மேசையில். கழுவுதொட்டியில். நிலத்தில். முழங்காலை ஒடுக்கி, கைகளை மடியில் வைத்து, பக்கத்தாளுக்கு இடைஞ்சல் கொடுக்காமல். ஈரக் கோட்டுகள். கழுத்துப்பட்டிகளில் சருகு. கண்ணாடித் துகள். ஒருவரும் மூச்சு விடவில்லை. எல்லா முகங்களும் அவரை நோக்கித் திரும்பின. சிலவற்றில் முகம் பாதிதான் இருந்தது. இருந்த பாதியில் நன்றி.

பின்கட்டிலில் அவர்கள் கூரைவரை இருந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர். அடியில், இரண்டு முதுகுகளுக்கு நடுவே, ஜெயமலரின் கை. காப்பு. தொலைபேசியின் நீல வெளிச்சம்.

விரல்கள் அசைந்தன.

"மலர்," என்றார். "எழும்புங்கோ. தயவுசெய்து எல்லாரும் எழும்புங்கோ. இறங்குங்கோ." தமிழில். பிறகு ஜெர்மன் மொழியில். ஒருவரும் அசையவில்லை. விருந்துக்கு அழைத்தவனே எழுப்பினால் யார்தான் நம்புவார்கள்?

விரல்கள் நின்றன.

நீல வெளிச்சம் அணைந்தது.

அவருக்குப் பின்னால் சருகு நொறுங்கியது. ஒரு தடவை. பிறகு பல தடவை.

திரும்பினார்.

வீதியோரமாக ஒரு வரிசை. கரவானின் பின்விளக்கில் சிவந்து, புகாருக்குள் நீண்டு, வளைவுக்கப்பாலும் நீண்டு. ஆண்கள், பெண்கள், தலைக்கவசத்தோடு ஒருவர், கைக்குழந்தையோடு ஒருத்தி. ஒருவரையொருவர் இடிக்காமல், இடைவெளி விட்டு, தங்கள் முறை வரும்வரை பொறுமையாக நின்றார்கள்.

முன்னால் நின்ற கிழவர் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். ஒரு அடி விலகினார். கணேசலிங்கத்தாரை முதலில் ஏறும்படி கை காட்டினார்.