குழந்தை இல்லாத குடில்

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்! அப்பா, குடில் நமக்குத்தான்!"

டெல்பின் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சித்ராதேவி அக்கா தோசைக் கரண்டியோடு ஓடிவந்துவிட்டார். என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டாராம்.

விஷயம் இதுதான். பழைய பொருள்களை ஏலம் விடும் செயலி ஒன்றில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் விலைக்கு வந்திருந்தன. அப்பாவின் கைப்பேசியில் டெல்பின்தான் ஏலம் கேட்டாள். அவளுக்கு மேல் யாரும் கேட்கவில்லை. குடில் பொன்மலையில் இருக்கும் டெல்பின் வீட்டுக்கு வரப்போகிறது!

வீட்டில் இருந்த பழைய பொம்மைகள் மழையில் ஊறிவிட்டன. சூசையப்பருக்கு மூக்கு இல்லை. ராஜாக்களுக்குத் தாடி இல்லை. அதனால் டெல்பின் புதுக் குடிலைப் பற்றித் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாள்.

"இந்த வருஷம் எங்க வீட்டுக் குடிலைப் பாக்க எல்லாரும் வரணும், சொல்லிட்டேன்!"

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பெட்டி வந்தது. டெல்பின் பரபரவென்று பிரித்தாள். வைக்கோலுக்கு நடுவில் மாதா, சூசையப்பர், ராஜாக்கள், இடையர்கள், ஆடுகள், ஒரு குண்டு ஒட்டகம். எல்லாம் காகிதக்கூழில் செய்த அழகான பொம்மைகள். காலியான புல்தொட்டிகூட இருந்தது.

அதில் படுக்க வேண்டிய குழந்தை இயேசுவைத்தான் காணோம்.

டெல்பின் பெட்டியைக் கவிழ்த்தாள். வைக்கோலை உதறினாள். இல்லவே இல்லை.

"அப்பா! எல்லாரும் வந்துட்டாங்க. யாரைப் பாக்க வந்தாங்களோ அவரையே காணோம்!"

அப்பா அமல்ராஜ் ரயில்வே பணிமனையில் வேலை செய்கிறார். தோளில் துண்டோடு குளிக்கப் போய்க்கொண்டிருந்தார். "வித்தவங்ககிட்ட மரியாதையாக் கேளும்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அவர் குளித்து முடிப்பதற்குள் இங்கே ஒரு சண்டையே நடந்து முடிந்துவிட்டது.

"குழந்தை எங்கே?" என்று டெல்பின் செயலியில் தட்டினாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

விற்றவர் பெயர் அல்போன்சா. உடனே பதில் வந்தது. "வணக்கம்ங்க. குழந்தையும் உள்ளேதான் இருக்கு. என் பொண்ணு பெனிட்டாதான் எடுத்து வச்சா. நல்லாப் பாருங்க."

"பாத்தாச்சு. இல்லை."

"இருங்க, அவகிட்ட மறுபடியும் கேக்கறேன்." சற்று நேரம் கழித்து, "உள்ளேதான் இருக்குன்னு சொல்றா. ஆறு வயசுக் குழந்தை, வேற ஒண்ணும் சொல்லத் தெரியல" என்று வந்தது.

டெல்பினுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "உங்க பொண்ணு பொய் சொல்றா" என்று அனுப்பினாள். அதோடு விட்டாளா? அந்த அம்மாவின் பெயருக்குக் கீழே ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தாள். 'பாதிப் பொம்மைகளை அனுப்பி ஏமாற்றுகிறார்கள். இவர்களிடம் எதுவும் வாங்காதீர்கள்' என்று ஊருக்கே தெரியும்படி எழுதினாள். புகார் பட்டனையும் அழுத்தினாள்.

அப்பா வந்து படித்தார். அவர் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது? மரியாதையாக் கேளுன்னுதானே சொன்னேன்?"

"அவங்க மட்டும் ஏமாத்தலாமாப்பா?"

அப்பாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "சாயங்காலம் வந்து பேசிக்கலாம்" என்று கிளம்பினார்.

சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் டெல்பின் குடிலை அடுக்கத் தொடங்கினாள். எல்லாரும் சமர்த்தாக நின்றார்கள். ஒட்டகம் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தது. நிமிர்த்தினாள். மறுபடியும் சாய்ந்தது.

"உனக்கு என்ன வந்துச்சு?" என்று அதைத் தலைகீழாகத் திருப்பினாள்.

ஒட்டகத்தின் வயிறு உள்ளே கூடாக இருந்தது. அடியில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. இழுத்தாள். சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போடும் சாக்ஸ்!

சாக்ஸுக்குள் குழந்தை இயேசு பத்திரமாகப் படுத்திருந்தார்.

டெல்பினுக்குக் காது இரண்டும் சுட்டன. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இரவு வரைக்கும் குழந்தையை வெளியே காட்டக் கூடாது. அதுவரை புல்தொட்டி காலியாகத்தான் இருக்கும். டெல்பின் வீட்டிலும் ஒவ்வொரு வருடமும் பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்துத்தானே வைப்பார்கள்? இதுகூட நினைவுக்கு வராமல் பெட்டியைக் கவிழ்த்து உதறியிருக்கிறாள்!

அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். அவர் கையில் இருந்த கைப்பேசியில் அல்போன்சா அனுப்பிய செய்தி இருந்தது.

"மன்னிச்சுக்கோங்க. நாங்க வெளிநாடு போறதால பெட்டியெல்லாம் கட்டி வச்சிருந்தோம். அத்தனையையும் பிரிச்சுத் தேடிட்டோம், கிடைக்கல. பொய் சொன்னதுக்காகப் பெனிட்டாவைத் திட்டிட்டேன். அவளையும் மன்னிச்சிருங்க."

டெல்பின் அதைப் படித்தாள். சாக்ஸை மட்டும் தூக்கிக் காட்டினாள். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

"புகாரைத் திரும்ப வாங்க ஒரு பட்டன் இருக்கு. தட்டிவிட்டா முடிஞ்சுது. தட்டட்டுமா?" என்று கேட்டார்.

டெல்பின் யோசித்தாள். பட்டனைத் தட்டினால் யாரும் அவளை ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஆனால் பெனிட்டா திட்டு வாங்கியது வாங்கியதுதானே?

"தட்டுங்கப்பா. ஆனா அது போதாது. நாம அவங்க வீட்டுக்குப் போகணும். பெட்டி மேல முகவரி இருக்கு, ஸ்ரீரங்கம்தான்."

முதலில் அவள் எழுதியதை அழித்தாள். அந்த இடத்தில் புதிதாக எழுதினாள்: 'பொம்மைகள் முழுதாக வந்தன. நான்தான் சரியாகப் பார்க்கவில்லை. பெனிட்டா சொன்னது உண்மை.' இதுவும் ஊருக்கே தெரியும். தெரியட்டும் என்று ஐந்து நட்சத்திரங்களையும் அழுத்தினாள்.

மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறினார்கள். காவிரிப் பாலம் வந்தால் டெல்பின் எப்போதும் ஜன்னலில் தொற்றிக்கொள்வாள். இன்றைக்கு மடியில் இருந்த சாக்ஸைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பாதியிலேயே நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கினாள்.

கதவைத் திறந்த அல்போன்சா களைத்துப் போயிருந்தார். வீடு முழுக்கப் பிரித்துப் போட்ட பெட்டிகள். ஒரு குட்டிப் பெண் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். பாதம் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன.

"ஆன்ட்டி, நான் டெல்பின். குடில் வாங்கினது நாங்கதான்" என்றாள். "குழந்தை இருக்கு. உள்ளேதான் இருந்துச்சு. அந்த மோசமான வார்த்தையெல்லாம் எழுதினது அப்பா இல்ல, நான். எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் கண்ணீர் வந்துவிட்டது. சாக்ஸை நீட்டினாள்.

"அடக் கடவுளே! இந்தச் சாக்ஸுக்கும் சேர்த்துத்தான் திட்டு வாங்கினா" என்றார் அல்போன்சா. "எங்க இருந்துச்சு?"

"ஒட்டகத்து வயித்துல, ஆன்ட்டி."

அல்போன்சா திரைச்சீலைப் பக்கம் திரும்பினார். "ஏன்டா கண்ணு, அம்மா எத்தனை தடவை எங்கன்னு கேட்டேன்! ஒட்டகம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

திரைச்சீலை பேசியது. "ஒளிச்சு வச்ச இடத்தைக் கிறிஸ்துமஸ் வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அப்பா சிரித்துவிட்டார். அல்போன்சாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்க வீட்ல வருஷா வருஷம் குழந்தையை ஒளிச்சு வைக்கிறது இவ வேலைதான். நானும் இவளை நம்பாமப் போயிட்டேனே" என்று மெதுவாகச் சொன்னார்.

டெல்பின் திரைச்சீலை முன்னால் மண்டி போட்டாள். "பெனிட்டா, நீ உண்மையைத்தான் சொன்ன. நான்தான் நீ பொய் சொல்றதா எழுதிட்டேன். என்னை மன்னிச்சிரு."

திரைச்சீலை கொஞ்சம் விலகியது. ஒரு கண் எட்டிப் பார்த்தது.

"குழந்தைக்குப் போட்ட சாக்ஸை ஏன்க்கா கழட்டினீங்க? குளிருமே!"

"திரும்பப் போட்டுடறேன்."

"ஒட்டகத்துக்குள்ளேயே வச்சிருங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன். சத்தியமா."

அதன் பிறகுதான் மறுகண்ணும் வெளியே வந்தது. அன்று மதியம் முழுவதும் டெல்பினும் அப்பாவும் பிரிந்து கிடந்த பெட்டிகளைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் எதை எங்கே வைக்க வேண்டும் என்று பெனிட்டா விரலை நீட்டி நீட்டி அதிகாரம் பண்ணினாள்.

மறுநாள் பொன்மலையில் டெல்பின் வீட்டுக் குடிலைப் பார்க்கச் சித்ராதேவி அக்கா வந்தார். அப்படியும் இப்படியும் குனிந்து பார்த்தார்.

"என்னடி டெல்பின், இவ்வளவு தம்பட்டம் அடிச்ச. குழந்தையையே காணோம்? கடைக்காரங்க ஏமாத்திட்டாங்களா?"

ஒட்டகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. டெல்பின் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"யாரும் ஏமாத்தலக்கா" என்றாள். "உள்ளேதான் இருக்கு."