கல்லை எடுத்தவள்

"ஐயோ… அம்மா…!"

கண்டி டவுன் கார் பார்க்கையே உலுக்கியது அந்த அலறல்.

தவமணி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

பத்தடி தூரத்தில், டிக்கெட் கிழிக்கும் கறுப்பையா இரண்டு வண்டிகளுக்கு நடுவே நசுங்கிக் கிடந்தார்!

மேட்டுப் பக்கம் ஒரு வெள்ளைக் கார். அதன் பின்னால், சரிவில், அவளுடைய அப்பா ராஜலிங்கம் ஓட்டும் வேன். காரின் டிக்கியும் வேனின் முகப்பும் ஒன்றையொன்று கவ்வியிருந்தன.

தவமணி தன் கையைப் பார்த்தாள்.

கல்!

காரின் பின் டயருக்கு அண்டக் கொடுத்திருந்த கல்.

செருப்பு ஆணி காலைக் குத்தியது. அதைத் தட்டி மடக்க ஏதாவது வேண்டியிருந்தது. 'ஒரு நிமிஷம்தானே… திரும்ப வச்சிடலாம்…' என்று உருவியிருந்தாள்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கல் புத்தகப் பைக்குள் போனது.

பொலிஸ் ஸ்டேஷன். வெளியே மழை கொட்டியது.

"பின்னால இருந்து இடிச்சவன்தான் குத்தவாளி! ஊரு உலகத்துல அதுதான் சட்டம்!"

மேசையைத் தட்டினார் கார்க்காரர் செல்லச்சாமி. புடவைக் கடை முதலாளி. "இவன் வேனை முன்னால எடுத்தான். எங்காரு அசையவே இல்ல!"

"பொய்யிங்க ஐயா!" ராஜலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். "கார்தான் உருண்டு வந்துச்சு. நான் சும்மா ரேடியோ கேட்டுக்கிட்டு…"

சார்ஜன்ட் றவூப் நிமிர்ந்தார். "சாவி வேன்ல ஈந்திச்சா?"

"இருந்துச்சுங்க. ரேடியோவுக்கு…"

"அப்ப எடுத்திருக்கவும் ஏலும்தானே?"



டெலிபோன் அலறியது! கான்ஸ்டபிள் எடுத்தார். கேட்டார். முகம் இருண்டது.

"ஆஸ்பத்திரியில இருந்து சேர். கறுப்பையாவுக்கு இன்னும் நெனவு வரல்லயாம்."

"உசுரு போய் மௌத்தாகிட்டா ரிமாண்ட்தான்," என்றார் றவூப்.

தவமணி அப்பாவின் சட்டையை இழுத்தாள்.

"அப்பா… டயர்ல இருந்த கல்ல… நான்தாம்ப்பா எடுத்தேன்…"

ராஜலிங்கம் உறைந்தார். ஒரே ஒரு நொடி. பிறகு குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு…

"வாய மூடு."

"அப்பா!"

"லைசன்சு போனா கலஹா தோட்டத்துல மம்பட்டி புடிச்சிப் பொழைச்சிக்கிறேன். உம்பேரு பொலிஸ் புத்தகத்துல வரக்கூடாது. பள்ளிக்கூடத்துல சோதனை எழுதணும் நீ. வாயத் தொறந்த… நான் உனக்கு அப்பனே இல்ல!"

அவர் சார்ஜன்ட் பக்கம் திரும்பினார்.

"ஐயா… நாந்தான் வேனை எடுத்தேன்."

"பாத்தீங்களா!" செல்லச்சாமி துள்ளினார். "எழுதுங்க சேர், எழுதுங்க!"

றவூப்பின் பேனா தாளைத் தொட்டது.

"பொய்யி!"

தவமணி கத்தினாள். பையைத் திறந்தாள். கல்லை எடுத்து மேசையில் போட்டாள்.

டணால்!

"அந்தக் காரு டயர்ல இருந்து நாந்தான் இத எடுத்தேன்! அதுக்குப் பொறகுதான் காரு உருண்டுச்சு. என்னைய ஜெயில்ல போடுங்க… அப்பாவ விட்டுருங்க!"



செல்லச்சாமி சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

"அப்பனக் காப்பாத்த புள்ள கத கட்டுது சேர்! நான் ஏன் கல்லு போடணும்? ஹேண்ட்பிரேக் சும்மா கல்லு மாதிரி புடிக்கும்! இது எங்க கெடந்த கல்லோ…"

"அப்ப இது உங்கட கல்லு இல்ல?"

"சத்தியமா இல்ல!"

றவூப் கல்லை உருட்டிப் பார்த்தார். வழவழவென்று, ஒரு பக்கம் உருண்டையாய், மறு பக்கம் உடைந்து…

"கண்ட குப்பையெல்லாம் மேசையில வெக்காத புள்ள." கான்ஸ்டபிளிடம் நீட்டினார். "இத பாலத்தடியில ஆத்துல வீசிட்டு வாங்க."

தவமணியின் உயிர் பாதி போயிற்று. இருந்த ஒரே சாட்சி!

கான்ஸ்டபிள் வாசலைத் தாண்டினார். ஒரு படி… இரண்டு படி…

"ஐயையோ… வீசாதீங்க!"

செல்லச்சாமிதான்! நாற்காலி கவிழ, வேட்டி தடுக்க, ஓடிப்போய்க் கல்லைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"எங்கம்மா அரைச்ச அம்மிக் குழவி சேர் இது! அவங்க கண்ண மூடின வருசம் ஒடஞ்சிச்சு. இந்தப் பாதிதான் மிச்சம். பதினோரு வருசமா எங்கூடவே கார்ல…"

சொல்லி முடிக்கும் முன்பே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

றவூப் மெதுவாக எழுந்தார்.

"கல்லு மாதிரி புடிக்கிற ஹேண்ட்பிரேக்குக்கு… குழவி எதுக்கு மொதலாளி?"

செல்லச்சாமி குழவியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"கான்ஸ்டபிள்! கார் பார்க்குக்குப் போய் அந்த ஹேண்ட்பிரேக்க இழுத்துப் பாருங்க."

கால் மணி நேரத்தில் கான்ஸ்டபிள் நனைந்தபடி திரும்பினார். "குழந்தப்புள்ள ஆட்டுற கிலுகிலுப்ப மாதிரி ஆடுது சேர்!"

மீண்டும் டெலிபோன்!

றவூப்பே எடுத்தார். கேட்டார். மூச்சு விட்டார். "கறுப்பையா கண் முழிச்சிட்டார். கால்தான் முறிஞ்சீக்குது. கார்தான் உருண்டு வந்திச்சாம்."

ராஜலிங்கம் மகளைக் கட்டிக்கொண்டு தேம்பினார்.

"புள்ள," என்றார் றவூப். "அடுத்தவன்ட கல்ல எடுத்தது பிழை. அதையும் எழுதத்தான் வேணும். ஆனா பழுதான பிரேக்கோட சரிவுல கார விட்டுட்டு, பொய்யும் சொன்னது நீ இல்ல."

கல்லைப் பிடுங்கிக்கொண்டு, செல்லச்சாமியை லொக்கப்புக்குள் தள்ளினார்கள்.

"சேர்… குழவியையாவது குடுங்களேன்…"

"தூரத்துல இல்ல மொதலாளி, இங்கதான் வெக்கிறேன்." றவூப் குனிந்து, லொக்கப் கதவுக்குக் கீழே கல்லை அண்டக் கொடுத்தார். "எங்கட பூட்டும் உங்கட ஹேண்ட்பிரேக் மாதிரித்தான்!"